முன்நிபந்தனை இல்லாமல் பேசுவேன் என்கிறார் ஒபாமா: நம்பலாமா?

ஜூலை 24, 2007 – வாசகர் கேள்வி

நேற்று ராத்திரி ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர்களின் சிஎன்என்-யூடியூப் விவாதம் பார்த்தீர்களா? ஈரான், சிரியா, வெனிசுவேலா, கியூபா, வட கொரியா தலைவர்களைப் பதவிக்கு வந்த முதல் வருஷத்திலேயே முன்நிபந்தனை இல்லாமல் சந்திப்பீர்களா என்று கேட்டதற்கு ஒபாமா யோசிக்காமல் சந்திப்பேன் என்றார். ஹிலாரி பக்குவமாகப் பதில் சொன்னார். என்னைக் கேட்டால் ஒபாமாவின் கதை நேற்றோடு முடிந்தது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூலை 25, 2007

மறுக்கிறேன்.

நானும் பார்த்தேன். பனிமனித பொம்மை ஒன்று புவி வெப்பமடைவதைப் பற்றிக் கேள்வி கேட்ட கூத்துக்கு நடுவே உருப்படியாக வந்த கேள்வி இது. ஒபாமா சொன்னதன் சாரம்: ஒரு நாட்டோடு பேசாமல் இருப்பதே அந்த நாட்டுக்குத் தண்டனை என்று நினைப்பது அபத்தம்; ரீகனும் கென்னடியும் சோவியத்தோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஹிலாரி சொன்னது: எதிராளியின் நோக்கம் தெரியாமல் போய் உட்கார்ந்தால் அவர்களுடைய பிரசாரத்துக்குத்தான் பயன்படுவோம். மறுநாள் இன்னும் ஒரு படி மேலே போய், பொறுப்பில்லாத, விவரம் தெரியாத பேச்சு என்று சொல்லிவிட்டார்.

சரி, பேசாமல் இருந்து என்ன கிடைத்தது? வட கொரியாவோடு நேருக்கு நேர் பேச மாட்டோம் என்று புஷ் முறுக்கிக்கொண்டு நின்றார். 2006 அக்டோபரில் அவர்கள் அணுகுண்டு வெடித்துக் காட்டினார்கள். அதற்கப்புறம்தான் இறங்கி வந்தார். பிப்ரவரியில் ஒப்பந்தம். போன வாரம் யோங்பியோன் உலை மூடப்பட்டதைச் சர்வதேச அணுசக்தி முகமை உறுதி செய்தது. குண்டு வெடிப்பதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சை நடத்தியிருந்தால்?

ஈரான் கதை இன்னும் மோசம். 2001 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு இடைக்கால அரசு அமைக்க ஜெர்மனியின் பான் நகரில் கூடினார்களே, அங்கே அமெரிக்காவுக்குக் கை கொடுத்தவர்களில் ஈரானியர்களும் உண்டு. அடுத்த மாதமே புஷ் அவர்களை ஈராக், வட கொரியாவோடு சேர்த்து 'தீமையின் அச்சு' என்றார்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த தடுப்பில் உட்கார்ந்திருப்பவர் இஸ்பஹான்காரர். அவருடைய அம்மாவைப் பேரன் பிறந்ததற்கு வரவழைக்க வேண்டும். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கிடையாது. 1980-இல் உறவு முறிந்ததிலிருந்து அமெரிக்காவின் காரியங்களைச் சுவிட்சர்லாந்து தூதரகம்தான் கவனிக்கிறது, ஆனால் அங்கே விசா தருவதில்லை. முழங்கால் வலியோடு அந்த அம்மா விசா நேர்காணலுக்குத் துருக்கியின் அங்காராவுக்குப் போனார். கைரேகை கொடுத்தார். பின்புலச் சோதனை முடிய மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அனுமதி வந்ததும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடி அங்காரா. எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் பேச்சு அறுந்த பங்காளிகள் கோயில் பூசாரியிடம் சொல்லி அனுப்புவார்கள், "அவன்கிட்ட சொல்லுங்க" என்று. இங்கே பூசாரி சுவிஸ்காரர். தண்டனை யாருக்கு என்று அந்த அம்மாவின் முழங்காலைக் கேட்க வேண்டும்.

ஜூலை 26, 2007

ஒரு திருத்தம், ஒபாமாவுக்கு இல்லை, கேள்வி கேட்டவருக்கு. 1982-இல் அன்வர் சதாத் இஸ்ரேல் போனதை உதாரணம் காட்டித்தான் அந்தக் கேள்வியே ஆரம்பித்தது. சதாத் 1981-லேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜெருசலேம் போனது 1977 நவம்பரில். மேடையில் நின்ற எட்டுப் பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் பதிலை மனப்பாடம் செய்வதில் இருந்தார்கள் போல.

ஆகஸ்ட் 3, 2007

இங்கே ஒபாமாவைக் காந்தியவாதி என்று எழுதிய நண்பர் நேற்று முன்தினம் அவர் வாஷிங்டனில் வில்சன் மையத்தில் பேசியதைப் படிக்க வேண்டும். ஈராக்கிலிருந்து படையை எடுப்பேன், ஆனால் ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதலாக அனுப்புவேன் என்கிறார். பாகிஸ்தானில் பயங்கரவாதிகளின் பெரிய தலைகள் இருக்கும் இடம் பற்றி நம்பகமான தகவல் கிடைத்து, முஷாரஃப் நடவடிக்கை எடுக்காவிட்டால் நாங்களே எடுப்போம் என்கிறார். இதில் காந்தி எங்கே வந்தார்?

போன வாரம் அவரை ரொம்ப மென்மை என்றார்கள். இந்த வாரம் ரொம்ப முரடு என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே ஆள் பேசுவதாகத்தான் தெரிகிறது. எதிரியோடு பேசவும் செய்வேன், அடிக்கவும் செய்வேன், ஆனால் எது எங்கே என்று நான் பார்த்து முடிவு செய்வேன் என்கிறார். இதில் புதியது பேசுவேன் என்பது மட்டும்தான். அடிப்பேன் என்பது இந்த நாட்டில் புதிதே இல்லை. என் எதிர்பார்ப்பும் அந்த ஒரு விஷயத்தில்தான். சமாதானத் தூதர் வரப்போகிறார் என்று யாரும் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டாம்.

ஆகஸ்ட் 4, 2007

"இந்தியாவுக்கு நல்லவரா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நம் ஆட்களுக்கு எல்லாக் கேள்வியும் கடைசியில் இதில்தான் போய் முடியும்.

ஜூன் மாதத்தில் ஒபாமா பிரசாரக் குழுவிலிருந்து ஒரு காகிதம் கசிந்தது நினைவிருக்கும். ஹிலாரிக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் உள்ள தொடர்பைக் கிண்டல் செய்து, அவரைப் 'பஞ்சாபின் உறுப்பினர்' என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. முட்டாள்தனமான தவறு என்று ஒபாமா மன்னிப்புக் கேட்டார். அணுசக்தி ஒப்பந்தத்தில், இந்தியாவுக்குத் தரும் எரிபொருள் உலைகளின் நியாயமான தேவைக்கு மேல் போகக் கூடாது என்று போன வருஷம் திருத்தம் கொண்டுவந்தவரும் அவர்தான், பிறகு ஆதரித்து வாக்களித்தவரும் அவர்தான். டெல்லிக்கு புஷ்ஷே தேவலை என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. ஆனால் டெல்லிக்குப் பிடித்ததும் பாக்தாத்துக்கு நல்லதும் வேறு வேறு.

அக்டோபர் 4, 2007

2002 அக்டோபர் 2-ஆம் தேதி சிகாகோ ஃபெடரல் பிளாசாவில் ஒபாமா பேசியதற்கு ஐந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவர் இல்லினாய் மாநில செனட்டர். சிகாகோவுக்கு வெளியே பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. நான் எல்லாப் போருக்கும் எதிரியில்லை, முட்டாள்தனமான போருக்கு எதிரி என்றார். அதை மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த உரையின் மற்ற பகுதிதான் முக்கியம்: சதாம் கொடுங்கோலன், ஆனால் அமெரிக்காவுக்கு உடனடி ஆபத்து இல்லை, போரில் ஜெயித்தாலும் எத்தனை காலம், எவ்வளவு செலவு, என்ன விளைவு என்று தெரியாத ஆக்கிரமிப்பில் போய் மாட்டுவோம்.

ஒன்பது நாள் கழித்து செனட்டில் போருக்கு அனுமதி 77-க்கு 23 என்று நிறைவேறியது. இப்போது அவரோடு போட்டியில் இருக்கும் ஹிலாரி, எட்வர்ட்ஸ், பைடன் எல்லாரும் ஆதரவு.

"அவருக்கு வாக்களிக்கும் பொறுப்பு இல்லை, அதனால் தைரியமாகப் பேசினார்" என்கிறார் இங்கே எழுதும் டல்லாஸ் அண்ணாச்சி. பாதி உண்மை. அவருடைய தொகுதி தாராளவாதிகள் நிறைந்தது, அங்கே போரை எதிர்ப்பதில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் அடுத்த தேர்தலில் அமெரிக்க செனட்டுக்கு நிற்கப் போகிறவர், செப்டம்பர் 11 முடிந்து ஒரே வருஷத்தில், பாரக் ஹுசேன் ஒபாமா என்று பெயர் வைத்துக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். அதற்கு மதிப்பெண் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 29, 2007

விடுமுறைக்கு நண்பர்கள் சிலரோடு அயோவாவின் டேவன்போர்ட் வரை காரில் போய்விட்டு வந்தேன். எனக்கு எச்1பி வேலை விசா. ஓட்டு கிடையாது, நன்கொடை கொடுக்கக் கூடாது, ஆனால் சம்பளம் வாங்காமல் கதவு தட்டினால் சட்டம் தடுக்காது. காது விறைக்கும் குளிர். கையுறையைக் கழற்றினால்தான் பட்டியலில் பேனா ஓடும், கழற்றினால் விரல் ஓடாது.

வெளியுறவுக் கொள்கை பற்றி நிறைய தயார் செய்து வைத்திருந்தேன். ஈரான், கியூபா, புள்ளிவிவரம் எல்லாம். கேட்பார் இல்லை. மருத்துவக் காப்பீடு, எத்தனால், மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் கல்லூரிக் கடன், மறுபடி மருத்துவக் காப்பீடு. ஒரே ஒரு வீட்டில் ஈராக் வந்தது. கதவைத் திறந்த அம்மாவின் மகன் தேசியக் காவல் படையில் இருந்து இரண்டாம் முறை போயிருக்கிறான். "இவர் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டுப் பிரசுரத்தை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் காந்தத்துக்கு அடியில் செருகினார். ஆதரவா, எதிர்ப்பா, ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் 'முடிவு செய்யவில்லை' என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 4, 2008

அயோவா! கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாக்கெடுப்பில் ஒபாமா முதல், ஹிலாரி மூன்றாவது. இந்த இழையின் முதல் பதிவைக் கொஞ்சம் மேலே போய்ப் படியுங்கள். :-)

ஜனவரி 9, 2008

நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி ஜெயித்த பிறகு என்னைத் தேடி வந்து விசாரித்த அனைவருக்கும் நன்றி. உயிரோடுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 1, 2008

நேற்று லாஸ் ஏஞ்சலஸ் விவாதத்தில் ஒபாமா ஒரு விஷயம் சொன்னார்: ஈராக் போரை முடிப்பது மட்டும் போதாது, நம்மை அந்தப் போரில் தள்ளிய மனநிலையையே முடிக்க வேண்டும். இதுவரை அவர் சொன்னதிலேயே பெரிய வாக்குறுதி இது. நிறைவேற்றக் கஷ்டமானதும் இதுதான். படையைத் திரும்ப அழைக்க உத்தரவு போட்டால் போதும். வாஷிங்டனில் காலங்காலமாகக் கட்டுரை எழுதி, குழுக்களில் உட்கார்ந்து, கட்சி மாறினாலும் நாற்காலி மாறாமல் இருக்கிறவர்களின் மனநிலையை எந்த உத்தரவு மாற்றும்? அவருடைய ஆலோசகர் பட்டியலைப் பார்த்தால் பாதிப் பேர் கிளின்டன் ஆட்சியில் இருந்தவர்கள். இது எனக்கு உறுத்துகிறது.

இதே மூச்சில் ஒன்று. குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் ஈராக்கில் நூறு வருஷம் சண்டை போடுவேன் என்று சொன்னதாக இங்கே பலர் எழுதுகிறார்கள். அவர் சொன்னது ஜப்பான், தென் கொரியாவில் படை இருப்பது போல, அமெரிக்கர்கள் சாகாத நிலையில் இருக்கலாம் என்பது. அந்தக் கருத்து தவறு என்று வாதிடுங்கள், சொல்லாததைச் சொன்னதாக ஆக்காதீர்கள். ஈரானைக் குண்டு போடுவதை ஒரு பாட்டு மெட்டில் பாடிக் காட்டினாரே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அது வீடியோவே இருக்கிறது.

மே 16, 2008

புஷ் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் நின்று, பயங்கரவாதிகளோடு பேசலாம் என்பவர்களை 1939-இல் ஹிட்லரோடு பேசியிருக்கலாமே என்று சொன்ன ஒரு செனட்டரோடு ஒப்பிட்டிருக்கிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஹிட்லரைக் கொண்டுவந்தால் எந்த விவாதமும் அங்கேயே படுத்துவிடும். மாவோவைப் பார்க்க நிக்சன் பெய்ஜிங் போனபோது சீனா நல்ல பிள்ளையாக இருந்ததா? கலாசாரப் புரட்சியே முடியவில்லை. 1972-இல் அந்தப் பயணத்துக்கு யாராவது நிபந்தனை போட்டு, முதலில் நீ திருந்து, அப்புறம் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு வால்மார்ட் இப்படி இருக்குமா என்பது வேறு கதை.

மே 24, 2008

மயாமியில் கியூபா அமெரிக்கர்கள் முன்னால் ஒபாமா பேசியிருக்கிறார். உறவினரைப் பார்க்கப் போகவும் பணம் அனுப்பவும் உள்ள தடையை நீக்குவேன், பொருளாதாரத் தடையை மட்டும் கையில் பிடியாக வைத்துக்கொள்வேன் என்கிறார். 2004-இல் புஷ் போட்ட விதி தெரியாதவர்களுக்கு: கியூபாவில் பெற்றோர், பிள்ளைகள் போல நெருங்கிய சொந்தம் இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போகலாம். அவ்வளவுதான். அத்தை, மாமா எல்லாம் குடும்பக் கணக்கில் வராது. அப்பா செத்த வருஷம் போய் வந்துவிட்டால் அடுத்த வருஷம் அம்மா சாகக் கூடாது. காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்க இப்படி ஒரு திட்டம்.

அரை அடிதான் எடுத்து வைக்கிறார் என்று தெரிகிறது. இருந்தாலும் மயாமியில் நின்றுகொண்டு கியூபாவோடு பேசுவேன் என்று ஒரு வேட்பாளர் சொல்வது சாதாரண விஷயமில்லை.

ஜூன் 6, 2008

வேட்பாளர் நிலை உறுதியாகி ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஒபாமா இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பாக்கின் மாநாட்டில் போய், ஜெருசலேம் இஸ்ரேலின் தலைநகர், பிரிக்கப்படாமலே இருக்க வேண்டும் என்று முழங்கினார். புஷ்கூட இந்த அளவுக்குப் போனதில்லை. மறுநாள், அது இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டியது என்று பின்வாங்கல். எதிரிகளோடு பேசுவதில் காட்டிய துணிச்சலை நண்பர்களோடு பேசும்போது காட்டவில்லையே?

போன வருஷம் சொன்ன 'சந்திப்பேன்' என்பதும் மெல்ல மெல்ல இளைத்து வருகிறது. முதலில் அதிகாரிகள் மட்டத்தில் பேசித் தயார் செய்வோம், பிறகு பார்க்கலாம், ஈரானில் யாரைச் சந்திப்பது என்பதும் பேச வேண்டியது என்கிறார்கள் அவருடைய ஆட்கள். இது நியாயம்தான். எந்தச் சந்திப்பும் திடீரென்று நடக்காது. ஆனால் இதையேதானே ஹிலாரி ஜூலையில் சொன்னார் என்று டல்லாஸ் அண்ணாச்சி கேட்டால் என்னிடம் சுலபமான பதில் இல்லை. வித்தியாசம் ஒன்று உண்டு: ஹிலாரி தயக்கத்திலிருந்து ஆரம்பித்து அங்கே நின்றார், இவர் சம்மதத்திலிருந்து ஆரம்பித்து அங்கே வருகிறார். அது போதுமா?

ஜூலை 20, 2008

செய்தி பார்த்தீர்களா? வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி வில்லியம் பர்ன்ஸை ஜெனீவாவுக்கு அனுப்பி ஈரானின் அணுசக்திப் பேச்சுத் தூதர் ஜலீலியோடு ஒரே மேஜையில் உட்கார வைத்திருக்கிறார் புஷ். அதே புஷ். ஹிட்லர் பேச்சு பேசி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஈராக் பிரதமர் மாலிகி வேறு ஜெர்மன் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், ஒபாமா சொல்லும் 16 மாதக் கெடு பொருத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் மாலிகியின் செய்தித் தொடர்பாளர், மொழிபெயர்ப்பில் குழப்பம் என்று சமாளித்தார். மெக்கெய்னை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஜூலை 25, 2008

பெர்லினில் ஒபாமா பேச்சைக் கேட்க இரண்டு லட்சம் பேர். பிராண்டன்பர்க் வாசலில் பேச மெர்கல் ஒப்பவில்லை, அதனால் வெற்றித் தூண். படம் அருமை. எள் போட்டால் எள் விழாது.

என் மனைவி தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவங்க யாருக்கும் இங்க ஓட்டு இல்லையே?" எனக்கும் இல்லை என்று சொன்னேன். "அதான் நீங்க இவ்வளவு நேரம் எழுதறீங்க" என்றாள்.

உரையில் எனக்குப் பிடித்தது கைதட்டல் குறைவாக வந்த பகுதி. ஆப்கானிஸ்தானுக்கு உங்கள் படையும் வேண்டும் என்று ஜெர்மானியர்களிடமே கேட்டார். அவரைக் கொண்டாட வந்த கூட்டத்தில் எத்தனை பேர் அதைக் காதில் வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, 2008

ஒபாமா-மெக்கெய்ன் முதல் விவாதம், வெளியுறவுக் கொள்கைக்கு என்று ஒதுக்கியது. லேமன் வங்கி விழுந்த ஜோரில் நேரத்தின் பெரும் பங்கை வங்கிகள் சாப்பிட்டுவிட்டன. எங்கள் அலுவலகத்திலும் எல்லாரும் ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள். நான் திறக்கவே இல்லை.

ஈரான் வந்தபோது கிஸ்ஸிஞ்சரே பேசச் சொல்கிறார் என்றார் ஒபாமா. அதிபர் மட்டத்தில் சொல்லவில்லை என்றார் மெக்கெய்ன். இரண்டுமே சரி. பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு பவல், பேக்கர், ஆல்பிரைட், கிறிஸ்டோபர், கிஸ்ஸிஞ்சர் என்று இரு கட்சியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஐவரும் ஒரே மேடையில் ஈரானோடு பேச வேண்டும் என்று சொன்னார்கள். போன வருஷ ஜூலையில் அறியாப் பிள்ளையின் உளறல் என்று சொல்லப்பட்ட ஒன்று இப்போது பெரியவர்களின் கருத்தாகிவிட்டது. மேலே உறுத்துகிறது என்று எழுதினேனே, அது இதைப் பார்த்துக் கொஞ்சம் குறைகிறது.

நவம்பர் 5, 2008

சிகாகோ கிராண்ட் பார்க்கில் நடந்த ஒபாமாவின் வெற்றிக் கூட்டத்திலிருந்து நள்ளிரவு தாண்டித்தான் வீடு வந்தேன். தொண்டை போய்விட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 7, 2008

தெஹ்ரான் தூதரகத்தில் அமெரிக்கர்களைப் பிணையாகப் பிடித்தது 1979 நவம்பர் 4. ஒபாமா ஜெயித்தது 2008 நவம்பர் 4. இஸ்பஹான் நண்பர்தான் கவனித்துச் சொன்னார். நேற்று ஈரான் அதிபர் அகமதிநிஜாத் வாழ்த்துக் கடிதம் அனுப்பியிருக்கிறார். 1979-க்குப் பிறகு ஈரானிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அமெரிக்க அதிபருக்கு இப்படி ஒரு வாழ்த்து வந்தது இதுவே முதல் தடவை.

"என்ன பதில் போடுவார்?" என்று கேட்டேன். "போட மாட்டார்" என்றார் நண்பர். அவருக்கு என்னைவிட எதிர்பார்ப்பு குறைவு, பட்ட அனுபவம் அதிகம்.

டிசம்பர் 2, 2008

நேற்று சிகாகோவில் ஒபாமா அறிவித்த அமைச்சர் பட்டியல்: வெளியுறவு ஹிலாரி. பாதுகாப்பு, புஷ்ஷின் ராபர்ட் கேட்ஸே தொடர்வார். மனநிலையை மாற்றுவேன் என்றவர் போருக்கு ஓட்டுப் போட்டவரையும் போரை நடத்தியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். 'அனுபவசாலிகள்' என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. இதைத்தான் பிப்ரவரியில் பயந்தேன்.

மும்பைத் தாக்குதலின் புகை இன்னும் அடங்கவில்லை. சிகாகோ கூட்டத்திலேயே ஒரு நிருபர் சரியான கேள்வியைக் கேட்டார்: பாகிஸ்தானுக்குள் போய் அடிப்போம் என்று நீங்கள் சொன்ன உரிமை இந்தியாவுக்கும் உண்டா? இறையாண்மை உள்ள நாடுகளுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அதற்கு மேல் பேச விரும்பவில்லை என்று முடித்துக்கொண்டார். வேட்பாளராக இருந்தபோது நீட்டி முழக்கியவர், இப்போது இரண்டு வரி. இனிமேல் இப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 23, 2009

குவாண்டனாமோ சிறையை ஒரு வருஷத்தில் மூட ஒபாமா உத்தரவு. ஹோல்ப்ரூக் சிறப்புத் தூதர், ஆனால் பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தானுக்கு மட்டும். காஷ்மீர் அவர் பொறுப்பில் இல்லை. அக்டோபரில் காஷ்மீருக்குத் தூதர் என்கிற மாதிரி ஒபாமா பேசியதைப் படித்து இங்கே கொதித்தவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். டெல்லி காதும் காதும் வைத்த மாதிரி வேலையை முடித்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 22, 2009

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு ஈரான் மக்களுக்கும் ஆட்சியாளர்களுக்கும் ஒபாமாவின் வீடியோ வாழ்த்து. ஈரான் இஸ்லாமியக் குடியரசு என்று அதன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். கவிஞர் சாதியின் வரிகள், கடைசியில் பாரசீகத்தில் வாழ்த்து. இஸ்பஹான் நண்பர் தன் இருக்கையில் அதை ஓடவிட்டு, அந்தக் கடைசி வாழ்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். உச்சரிப்பு எப்படி என்றேன். "பரவாயில்லை, என் பையன் பேசுவதைவிடத் தேவலை" என்றார்.

ஈரானின் உச்சத் தலைவர் கமேனி மறுநாள் மஷ்ஹதில் பதில் சொன்னார்: வார்த்தை மட்டும் போதாது, நீங்கள் மாறுங்கள், நாங்களும் மாறுவோம். சிலர் இதைக் கதவடைப்பு என்கிறார்கள். எனக்கு இது பேரம் தொடங்கும் குரலாகக் கேட்கிறது.

மே 20, 2009

முள்ளிவாய்க்கால் பற்றி ஒன்றும் எழுதாமல் இருக்கிறாயே என்று தனிமடலில் திட்டிய தம்பிக்கு.

என்ன எழுதச் சொல்கிறாய்? ஒபாமா பெயரிலேயே குழு வைத்து அவருக்காக உழைத்த தமிழர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். 13-ஆம் தேதி வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று பேசினார். புலிகள் ஆயுதத்தைக் கீழே போட்டு மக்களைப் போக விட வேண்டும், இலங்கை அரசு கண்மூடித்தனமான ஷெல் வீச்சை நிறுத்த வேண்டும், ஐநா உதவிக் குழுக்களை உள்ளே விட வேண்டும் என்றார். அதே நிற்பில், கைதிகளைச் சித்திரவதை செய்த படங்களை வெளியிடாததற்கும் காரணம் சொன்னார். மருத்துவமனைகளில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது என்று கொழும்பு அறிவித்தது.

பேசுவதில் நம்பிக்கை வைத்தவன் நான். கேட்க ஆள் இல்லாத இடத்தில் பேச்சு என்ன செய்யும் என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரிந்த பதில், ஒன்றும் செய்யாது. ஐநா பாதுகாப்பு மன்றத்தில் இதை முறையான விவாதத்துக்கே எடுக்கவில்லை. கையில் இருந்த மற்ற வழிகளை அமெரிக்கா எடுத்துப் பார்த்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குப் போதுமான அளவு எடுத்ததாகத் தெரியவில்லை. இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

ஜூன் 24, 2009

தேர்தலில் மோசடி என்று ஊர்வலம் போகிறவர்களைத் தெஹ்ரான் தெருக்களில் அடிக்கிறார்கள். முதல் வாரம் முழுக்க ஒபாமா அடக்கி வாசித்தார், நேற்றுத்தான் கடுமையாகக் கண்டித்தார். கோழைத்தனம் என்று மெக்கெய்ன் ஆட்கள் குதிக்கிறார்கள்.

இஸ்பஹான் நண்பர் வீட்டிலேயே இரண்டு கட்சி. அவருடைய தங்கை தெஹ்ரானில் ஊர்வலம் போகிறாள். அமெரிக்கா வாயைத் திறந்தால் எங்களைக் கைக்கூலி என்பார்கள், 1953-இல் எங்கள் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்தது இங்கே யாருக்கும் மறக்கவில்லை, அவரைச் சும்மா இருக்கச் சொல் என்கிறாள். நண்பருக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. இப்போதும் இந்த ஆட்சியோடு பேச வேண்டும் என்கிறாயா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். ரெண்டு நாளாக என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதில்லை.

டிசம்பர் 2, 2009

இங்கே நேற்றிலிருந்து ஒரே புலம்பல். வெஸ்ட் பாயின்ட்டில் ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 பேர் என்று அறிவித்துவிட்டார், ஏமாற்றிவிட்டார், அடுத்த வாரம் ஆஸ்லோவில் எந்த முகத்தோடு சமாதானப் பரிசு வாங்குவார் என்று.

பரிசு கொடுத்தவர்களைக் கேளுங்கள், அது அவர்கள் அவசரம். ஆனால் ஏமாற்றினார் என்று சொல்லாதீர்கள். 2007 ஆகஸ்டில் வில்சன் மையத்தில் சொன்னதைத்தான் செய்கிறார். பெர்லினிலும் அதைத்தான் கேட்டார். கியூபாவுக்குக் குடும்பங்கள் போகும் தடையை ஏப்ரலில் நீக்கினார், சொன்னபடி. அக்டோபரில் ஜெனீவாவில் பர்ன்ஸும் ஜலீலியும் தனியாக உட்கார்ந்து பேசினார்கள், அதுவும் சொன்னபடி. குவாண்டனாமோ மட்டும் சொன்ன கெடுவுக்குள் மூடாது போலிருக்கிறது.

எனக்குள்ள சந்தேகம் வேறு. 2011 ஜூலையில் படை திரும்பத் தொடங்கும் என்று தேதியையும் கூடவே சொல்லிவிட்டார். போகிற நாள் தெரிந்தால் தாலிபான் அதுவரை பதுங்கிக் காத்திருக்காதா என்று மெக்கெய்ன் கேட்கிறார். நியாயமான கேள்வி. டல்லாஸ் அண்ணாச்சி, நீங்கள் மெக்கெய்ன் ஆள்தானே, 30,000 பேரை அனுப்பச் சொல்கிறீர்களா, தேதியை எடுக்கச் சொல்கிறீர்களா? தேதி இல்லாமல் என்றால் எத்தனை வருஷத்துக்கு? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.